தலசீமியா குழந்தைக்கு ஸ்டெம் செல் மாற்று: செய்வதா, எப்போது செய்வது?

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று (கொடையாளியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிப் புது ரத்தம் ஊறவைப்பது) சொல்லும்போது பெரும்பாலும் வேறு வழி மிச்சமிருக்காது. மரபணுப் பிழையால் உடம்பு போதிய ஹீமோகுளோபினைச் செய்ய முடியாத தலசீமியா மேஜரில் அப்படி இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம் போய் ஓடியாடும் பிள்ளையை, உயிராபத்து உள்ள ஒரு சிகிச்சைக்கு நாமே கூட்டிப்போக வேண்டும். பெற்றோர் தயங்குவது இதனால்தான். தயக்கத்தில் தவறில்லை. ஆனால் இந்தச் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் காலம் பிள்ளை நன்றாக இருக்கும் காலம்தான். கல்லீரல் வீங்கி, உயரம் நின்றுபோய், 'இனி செய்தே ஆகணும்' என்று வந்து நிற்கும்போது வெற்றி வாய்ப்பு குறைந்திருக்கும், ஆபத்து கூடியிருக்கும்.

ஆகவே இதை ஒரே நாளில் எடுக்கும் முடிவாகப் பார்க்காதீர்கள். நோய் உறுதியான மாதத்திலிருந்தே இதற்கான வேலை தொடங்கிவிடுகிறது. கீழே உள்ளவை பீட்டா தலசீமியா மேஜருக்கு. எப்போதாவது மட்டும் ரத்தம் தேவைப்படும் இன்டர்மீடியா வகைக்கும், ஹீமோகுளோபின் ஈ கலந்த லேசான வகைக்கும் கணக்கு வேறு. அவர்களில் பலருக்கு மாற்று சிகிச்சையே தேவைப்படாது.

முதல் வேலை: இரும்பு

20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லி சிவப்பணு ஏற்றினால், வருடத்துக்கு ஏறக்குறைய 3 கிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. வளர்ந்த ஒரு ஆளின் உடம்பிலேயே மொத்தம் 3 முதல் 4 கிராம்தான் இருக்கும். அதிகமான இரும்பைத் தானாக வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. கல்லீரல், இதயம், ஹார்மோன் சுரப்பிகள் என்று படிந்துகொண்டே போகும். மாற்று சிகிச்சையில் கொடுக்கும் கடும் மருந்துகளை முதலில் தாங்க வேண்டியது கல்லீரல். ஏற்கெனவே தழும்பு விழுந்த கல்லீரல் அதைத் தாங்காது.

10 முதல் 20 முறை ரத்தம் ஏற்றியபின், அல்லது ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1000-ஐத் தாண்டியதும் இரும்பு இறக்கும் மருந்து தொடங்குவது வழக்கம். டிஃபெராசிராக்ஸ் கரையும் மாத்திரை என்றால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம். பூச்சு மாத்திரைக்கு அளவு குறைவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றிக்கொடுக்கக் கூடாது. கரையும் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தண்ணீரில் நன்றாகக் கலக்கிக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்த டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் மருந்துதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வைக்க வேண்டும். பல வீடுகளில் அந்த வண்டல் தினமும் குழாயடிக்குப் போகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை, பிள்ளை வளர்ந்தபின்னும் மருந்து வளராமல் இருப்பது. 14 கிலோ இருந்தபோது எழுதிய 400 மில்லிகிராமையே 20 கிலோ ஆனபின்னும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஃபெரிட்டின் ஏறும், 'மருந்து வேலை செய்யவில்லை' என்பார்கள். ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றப் போகும்போதும் எடை பார்த்து, மருந்தின் அளவு சரிதானா என்று கேளுங்கள். இரும்பு இறக்கும் இன்னொரு மருந்தான டிஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். அது சில பிள்ளைகளுக்கு வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

ஃபெரிட்டினை மட்டும் நம்பவும் முடியாது. சளி, காய்ச்சலுக்கே அது ஏறும். மயக்க மருந்தில்லாமல் அசையாமல் படுக்கும் வயது வந்ததும் டி2 ஸ்டார் எம்ஆர்ஐ எடுத்தால் கல்லீரலிலும் இதயத்திலும் உள்ள இரும்பு தனித்தனியாகத் தெரியும். இதில் எண் குறையக் குறைய இரும்பு அதிகம் என்று பொருள்: இதயத்தில் 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் ஆபத்து.

ரத்தத்தைப் பற்றியும் ஒன்று. பிள்ளைக்கு ரத்தம் என்றதும் தாய்மாமன், சித்தப்பா எல்லோரும் ஓடிவருவார்கள். அவர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், ஆனால் அந்தப் பை உங்கள் பிள்ளைக்கு ஏறக் கூடாது. குடும்பத்தாரின் ரத்தம் ஏற்றினால் பிள்ளையின் உடல் அந்தக் குடும்ப அடையாளங்களுக்கு எதிராகத் தயாராகிவிடும். பின்னாளில் அதே குடும்பத்திலிருந்து வரும் மஜ்ஜையைத் தள்ளிவிட வாய்ப்பு கூடும். வெள்ளணு வடிகட்டிய ரத்தத்தையே கேட்டு வாங்குங்கள். ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். '6 வரட்டும், அப்புறம் ஏத்தலாம்' என்று இழுத்தடித்தால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும்.

மேட்ச் பார்ப்பது

கொடையாளி பொருந்துகிறாரா என்று அணுக்களின் அடையாளங்களை ஒப்பிடும் எச்எல்ஏ பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தாலே போதும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் தடையில்லை. உயர் தெளிவு முறையில் செய்யச் சொல்லுங்கள். ஏ, பி, சி, டிஆர்பி1, டிக்யூபி1 என ஐந்து இடங்களில், இரண்டு பிரதிகளாகப் பார்த்து 10-க்கு 10 என்று சொல்வதுதான் முழு மேட்ச்.

ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உடன்பிறந்தவர் ஒருவர் என்றால் 25 சதவீதம், இருவர் என்றால் யாராவது ஒருவர் பொருந்த 44 சதவீதம். தலசீமியா மைனர் (ஒரு மரபணுவில் மட்டும் பிழை, ரத்தம் ஏற்றத் தேவையில்லை) உள்ள அண்ணனோ தங்கையோ தாராளமாகக் கொடுக்கலாம். மாற்றுக்குப் பின் நோயாளிப் பிள்ளையும் மைனர் போலவே இருக்கும், ரத்தம் ஏற்றத் தேவையிருக்காது. ரத்த வகை வேறாக இருப்பதும் தடையில்லை. சில மாதங்களில் பிள்ளையின் ரத்த வகையே கொடையாளியின் வகைக்கு மாறிவிடும்.

நம் ஊரில் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள், அல்லது தாய்மாமன் முறையில் கட்டியவர்கள் என்றால், உடன்பிறந்தவர்களோடு நிறுத்தாமல் அம்மா, அப்பா, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் வரை பாருங்கள். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் அம்மாவோ அப்பாவோகூட முழுதாகப் பொருந்துவதுண்டு.

'இன்னொரு குழந்தை பெற்றால் பொருந்துமா?' என்று கேட்பவர்கள் நிறைய. நோய் இல்லாமலும் இருந்து, பொருந்தவும் செய்யும் வாய்ப்பு 16-ல் 3, அதாவது 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு குழந்தை வேண்டும் என்பதற்காகப் பெற்றுக்கொள்ளுங்கள், டோனருக்காக மட்டும் வேண்டாம். எப்படியானாலும் கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு பரிசோதனை செய்து குழந்தைக்குத் தலசீமியா மேஜர் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லித் தனியார் வங்கிகள் செய்யும் விளம்பரம் இந்தக் குடும்பங்களைக் குறிவைத்து வரும். நோயுள்ள பிள்ளையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பிழையான மரபணுதான் இருக்கிறது. அது அந்தப் பிள்ளையின் தலசீமியாவுக்கு உதவாது. பின்னால் பிறக்கும், பொருந்தும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் மட்டும் பயன்படும், பெரும்பாலும் மஜ்ஜையோடு சேர்த்து.

குடும்பத்தில் யாரும் பொருந்தவில்லை என்றால் கொடையாளிகளின் பதிவேட்டில் தேடலாம். 2009-ல் தொடங்கிச் சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி போன்ற பதிவேடுகளில் முன்பின் தெரியாத கொடையாளி கிடைக்கலாம். அடுத்தது பாதிப் பொருத்தம், அதாவது அம்மா அல்லது அப்பாவிடமிருந்து. இதில் முன்னேற்றம் இருக்கிறது என்றாலும், மஜ்ஜை நிராகரிக்கப்படுவதும் தொற்றும் உடன்பிறந்தவர் மாற்றைவிட அதிகம், செலவும் அதிகம். உடன்பிறந்தவர் பொருந்தினால் எங்கள் பரிந்துரை தெளிவு: சிறு வயதிலேயே செய்துவிடுங்கள். பாதிப் பொருத்தம்தான் வழி என்றால், அதைத் தலசீமியாவுக்கென்றே தொடர்ந்து செய்துவரும் மையம் கிடைக்கும்வரை பொறுங்கள். பிள்ளைக்கு அந்தக் கொடையாளிக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபத்தை அளப்பது

இத்தாலியின் பெசாரோ நகரில் வகுத்த பிரிவுமுறைதான் இன்றும் அடிப்படை. மூன்று கேள்விகள்: கல்லீரல் விலாவுக்குக் கீழே 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா? கல்லீரல் பயாப்சியில் தழும்பு உண்டா? இரும்பு இறக்கும் மருந்து கொடுத்ததில் ஒழுங்கின்மை உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் முதல் பிரிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் இரண்டாம் பிரிவு. மூன்றும் இருந்தால் மூன்றாம் பிரிவு. முழுதாகப் பொருந்தும் உடன்பிறந்தவரோடு முதல் பிரிவில் 100-க்கு 90-க்கு மேல் பிழைக்கிறார்கள். தொடக்க காலத்தில் மூன்றாம் பிரிவில் அது 60-ஐ ஒட்டித்தான் இருந்தது.

மருந்து ஒழுங்கில்லாத நம் சூழலில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் பிரிவுக்குள் விழுந்துவிடுவதால், அதற்குள்ளேயே யார் மிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்தது வேலூர் சிஎம்சி. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவரும் இடம் அது. 7 வயதோ அதற்கு மேலோ ஆகி, கல்லீரலும் 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் அதிக ஆபத்து என்பது அவர்கள் வகுத்தது. மஜ்ஜையை அழிக்க டிரியோசல்ஃபான் என்ற மருந்தை அடிப்படையாகக் கொண்ட முறை வந்தபின் இந்தப் பிள்ளைகளின் நிலையும் தெளிவாக முன்னேறியிருக்கிறது. கல்லீரல் இறங்கியதாக மேலே சொன்ன சென்டிமீட்டர் அளவு, மருத்துவர் வயிற்றைத் தொட்டு ஸ்கேலால் அளப்பது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'கல்லீரல் 13 செ.மீ.' என்பது முழு நீளம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவமனையில் 'சக்சஸ் ரேட் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால் பொதுவாக ஒரு எண் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் தலசீமியாவுக்கு மட்டும் எத்தனை மாற்று செய்தீர்கள்? அதில் எங்கள் பிள்ளையின் பிரிவில், இதே வகைக் கொடையாளியோடு எத்தனை? எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் ரத்தம் ஏற்றாமல் இருக்கிறார்கள்? இந்தக் கடைசி இரண்டும் ஒன்றல்ல. மஜ்ஜை நிராகரிக்கப்பட்டுப் பழையபடி ரத்தம் ஏற்றிக்கொண்டு உயிரோடு இருப்பவர்களும் முதல் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

பணம்

உடன்பிறந்தவர் மாற்றுக்கே 10 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பொருத்தம் என்றால் அதைப்போல இரு மடங்கு வரை போகலாம். எஸ்டிமேட்டில் எழுதுவது எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் செலவு. பூஞ்சைத் தொற்றோ கல்லீரல் நாள அடைப்போ வந்தால் மருந்துக்கே சில லட்சம் கூடும். கையில் இருப்பதை எல்லாம் எஸ்டிமேட்டுக்கே கொடுத்துவிட்டுத் தொடங்கக் கூடாது.

கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா திட்டத்தில், பொருந்தும் கொடையாளி உள்ள குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரை கிடைக்கும். வேலூர் சிஎம்சியும் அதன் பட்டியலில் உண்டு. வயது வரம்பும் வருமான வரம்பும் இருப்பதால் மேட்ச் கிடைத்த வாரமே விசாரியுங்கள். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று சேர்ந்திருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். எதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்ப்பதே குறுக்குவழி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் உள்ளது, அந்த அடையாள அட்டையையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் குறைந்தது 100 நாள் வாடகை அறை, கூடவே இருக்க ஒரு பெரியவர், அவர் இழக்கும் சம்பளம், ஊரில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். முடிவு தள்ளிப்போவது பல வீடுகளில் இந்தக் கடைசிக் கணக்கில்தான்.

உள்ளே என்ன நடக்கும்

கழுத்து வழியாக நெஞ்சில் சென்ட்ரல் லைன் (மருந்தும் ரத்தமும் ஏற்றும் குழாய்) போடுவார்கள். பிறகு ஒரு வாரம் முதல் பத்து நாள், பிள்ளையின் சொந்த மஜ்ஜையை அழிக்கும் மருந்துகள். புசல்ஃபான் கொடுத்தால் வலிப்பு வராமலிருக்கத் தனி மருந்து உண்டு. முடி கொட்டும், வாயும் தொண்டையும் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாது. சில நாள் குழாய் வழி உணவுதான்.

கொடையாளிப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜை எடுப்பார்கள். எடுக்கும் அளவு அந்தப் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குள் இருக்கும். இரண்டு மூன்று நாள் இடுப்பு வலி, கொஞ்சநாள் இரும்புச் சத்து மாத்திரை. எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். தலசீமியாவுக்குக் கை ரத்தத்திலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லைவிட மஜ்ஜையே நல்லது, பின்னாளில் வரும் ஜிவிஎச்டி (வந்த மஜ்ஜை பிள்ளையின் உடலைத் தாக்குவது) குறையும். மூத்த பிள்ளையிடமிருந்து எடுத்து இளையதற்குக் கொடுக்கும்போது மூத்ததிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்ல முடியும்.

மாற்று நடக்கும் நாளை 'டே ஜீரோ' என்பார்கள். ஆபரேஷன் தியேட்டரை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். எப்போதும் தொங்கும் அதே ஸ்டாண்டில், அதே சிவப்பில் ஒரு பை. சில மணி நேரத்தில் இறங்கி முடிந்துவிடும்.

கஷ்டம் அதன்பிறகு. கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பூஜ்யத்துக்குப் போய் இரண்டு மூன்று வாரம் அங்கேயே கிடக்கும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் இருந்தால் மஜ்ஜை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் காய்ச்சல் வராத பிள்ளை அபூர்வம். முதல் மூன்று வாரத்தில் எடை திடீரென்று ஏறி, வலது விலாவுக்குக் கீழே வலித்து, கண் மஞ்சளானால் அது கல்லீரல் நாள அடைப்பு. தினமும் காலையும் மாலையும் எடை பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது ஜிவிஎச்டி. உள்ளங்கை, உள்ளங்கால், காது பக்கம் சிவந்த தடிப்பு, தண்ணீராகப் பேதி, மஞ்சள் காமாலை என்று வரும். அதைத் தடுக்க சைக்ளோஸ்போரின் சுமார் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஓடும். அந்த மருந்து ஓடும்வரை பம்பளிமாஸ் பழம் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். நாட்டு மருந்து, லேகியம் எதுவும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வீட்டில் வெள்ளையடிப்பது, சுவர் இடிப்பது, புறா வளர்ப்பது எல்லாம் தள்ளிப்போகட்டும். அந்தத் தூசியில்தான் பூஞ்சை வருகிறது.

இரண்டாவது மாதம்வாக்கில் ரத்தத்தில் எத்தனை சதவீதம் கொடையாளியுடையது என்று பார்ப்பார்கள். பிள்ளையின் சொந்த அணுக்கள் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிராகரிப்பு அபாயம் அதிகம். மருந்தை மாற்றியமைத்து அடிக்கடி பார்ப்பார்கள். அதற்காக உடனே எல்லாம் போய்விட்டது என்று பொருளல்ல. கலந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் ரத்தம் ஏற்றாமல் இருப்பவர்கள் உண்டு.

முன்கூட்டியே பேச வேண்டிய ஒன்றை நம் வீடுகளில் யாரும் வாய்திறந்து கேட்பதில்லை: இந்த மருந்துகள் கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கும். வயதுக்கு வந்த பையன் என்றால் விந்தணு சேமிக்கலாம். பெண் பிள்ளைக்குச் சினைப்பைத் திசுவை உறையவைக்கும் வசதி சில மையங்களில் இருக்கிறது. டே ஜீரோவுக்குப் பின் கேட்டுப் பயனில்லை.

பிடித்தபின்

பழைய இரும்பு அப்படியேதான் இருக்கும். சைக்ளோஸ்போரின் நின்று கவுன்ட் நிலைத்தபின், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மில்லி வீதம் ரத்தம் எடுத்து அதை இறக்குவார்கள். அத்தனை வருடம் ஏற்றிய பிள்ளையிடமிருந்து ரத்தம் எடுப்பதைப் பார்த்துப் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். பழைய தடுப்பூசிகளின் பலன் போய்விடுவதால் ஆறாவது மாதத்துக்குப் பிறகு முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டு கழித்து. ரத்தம் சரியானாலும் பிள்ளையின் விந்தணுவிலும் சினைமுட்டையிலும் தலசீமியா மரபணு அப்படியே இருக்கும். கல்யாணம் பேசும்போது எதிர்த்தரப்புக்குத் தலசீமியா மைனர் உண்டா என்று காட்டும் எச்பிஏ2 பரிசோதனை கட்டாயம்.

இப்போது வேண்டாம் என்றால்

மேட்ச் இல்லை, இதயத்தில் இரும்பு அதிகம், பணம் சேரவில்லை: எதுவானாலும் மறுப்பதும் முறையான முடிவுதான். ஒழுங்காக ரத்தமும் மருந்தும் போகும் தலசீமியா பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். இதயத்தில் இரும்பு அதிகம் என்றால், இரவில் தோலுக்கடியில் பம்ப் வழியாக 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல் டெஸ்ஃபெரால் என்ற இரும்பு இறக்கும் மருந்தைக் கொடுத்து, கூடவே டிஃபெரிப்ரோனும் சேர்த்து இறக்கிவிட்டு மறுபடி பேசலாம்.

பிள்ளையின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து மரபணுவை மாற்றித் திருப்பி ஏற்றும் மரபணு சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சின்டெக்லோ என்ற மரபணு சிகிச்சையின் விலை 28 லட்சம் டாலர். 2023 இறுதியில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவியும் அதே உயரத்தில்தான். இரண்டிலும் பிள்ளையின் மஜ்ஜையைப் புசல்ஃபானால் அழித்துத்தான் தொடங்குகிறார்கள், ஆகவே மருந்தின் கடுமையும் கருத்தரிப்புச் சிக்கலும் அங்கேயும் உண்டு. பொருந்தும் உடன்பிறந்தவர் இருக்கும்போது அதற்காக ஆண்டுகளைக் கழிப்பதில் அர்த்தமில்லை. யாருமே பொருந்தாத பிள்ளைக்கு, கல்லீரலையும் இதயத்தையும் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். ஆண்டுக்கொருமுறை எம்ஆர்ஐ, மூன்று மாதத்துக்கொருமுறை ஃபெரிட்டின், எச்எல்ஏ அறிக்கையின் அசல் ஒரு கோப்பில். பதிவேட்டில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் வருடத்துக்கொருமுறை மறுபடி தேடச் சொல்லுங்கள்.